மெட்பே இருக்கிறது, விசிட்டர் இன்ஷூரன்ஸும் இருக்கிறது: மருத்துவமனையிடம் எதை முதலில் கொடுப்பது?

பிரிவு: அமெரிக்க வாழ்க்கை / இன்ஷூரன்ஸ், வரி

ஃப்ரீமான்ட்_குமரன் (செவ்வாய், இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் 880-இல் ஹேவர்ட் பக்கம் டிராஃபிக்கில் நின்றிருந்தோம். பின்னால் வந்த பிக்கப் டிரக் நிற்காமல் வந்து இடித்துவிட்டது. காரில் நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. எங்கள் மூன்று பேருக்கும் கழுத்து வலியோடு போயிற்று. அம்மாவுக்குத்தான் சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் மூச்சு விட்டாலே வலி. ஆம்புலன்ஸில் கொண்டுபோய் இ.ஆரில் (அவசர சிகிச்சைப் பிரிவு) சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்க விலா எலும்பில் மெல்லிய விரிசல். ராத்திரி வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். இப்போது பரவாயில்லை, படுத்து எழுவதுதான் சிரமம்.

போலீஸ் ரிப்போர்ட்டில் தப்பு முழுக்க டிரக் ஓட்டியவன் பேரில். அவனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

என் கார் பாலிசியின் டெக் பேஜில் (சுருக்க விவரப் பக்கம்) "மெடிக்கல் பேமென்ட்ஸ் 5,000 டாலர்" என்று ஒரு வரி இருக்கிறது. மெட்பே என்பது இதுதான். அம்மாவுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸும் எடுத்திருக்கிறேன். காம்ப்ரிஹென்சிவ் வகை, டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) 250. நேற்று மருத்துவமனை பில்லிங்கிலிருந்து போன்: "ஆட்டோ கிளெய்ம் நம்பர் கொடுங்கள், நாங்களே நேரடியாக வாங்கிக்கொள்கிறோம்." கொடுக்கலாமா? ஆபீஸில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு அடுத்த மாதம் ரிட்டர்ன் டிக்கெட்.

நெல்லைக்காரன் (இரவு 9:58)

முதலில் அம்மா உடம்பைப் பாருங்கள்.

தப்பு அவன் பேரில் என்றால் அவன் கம்பெனிதானே கட்ட வேண்டும்? நீங்கள் ஏன் உங்கள் பாலிசியைத் தொட வேண்டும்? கிளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் பிரீமியம் எகிறும். பில் எல்லாவற்றையும் அவன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கோடிங்_கமலி (இரவு 10:31)

மெடிக்கல் பில்லிங்கில்தான் எனக்கு வேலை. நெல்லை அண்ணாச்சி சொல்வது நியாயம்தான், ஆனால் நடைமுறை அப்படி இல்லை.

எதிராளியின் லையபிலிட்டி கம்பெனி (அவன் செய்த தப்புக்கு நஷ்டஈடு தரும் இன்ஷூரன்ஸ்) பில் வர வரக் கட்டாது. சிகிச்சை எல்லாம் முடிந்தபின் கூட்டிக் கழித்து ஒரே செக்காகத் தரும். அதையும் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ரிலீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தரும். மாதக்கணக்கில் இழுக்கும். மருத்துவமனைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பில் நோயாளி பேரில்தான் இருக்கும், கலெக்‌ஷன் கடிதமும் அம்மா பேருக்குத்தான் வரும்.

அந்த இடைவெளிக்காகத்தான் மெட்பே. யார் பேரில் தப்பு என்ற கேள்வியே அதில் இல்லை. டிடக்டிபிள் இல்லை, கோ-பே (ஒவ்வொரு தடவையும் நாம் தரும் பங்கு) இல்லை. காரில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 5,000 வரை. அதாவது அப்பாவும் கழுத்து வலிக்கு டாக்டரைப் பார்த்தால் அவர் கணக்கில் வேறு 5,000. அம்மாவின் 5,000 அதனால் குறையாது. உங்கள் குடும்பத்தார்தான் என்று இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான்.

பிரீமியம் பயம்: நீங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள். 1988-இல் வந்த புரோபொசிஷன் 103 என்ற சட்டத்துக்குப் பிறகு, தப்பு முக்கியமாக உங்கள் பேரில் இல்லாத விபத்துக்கு இங்கே பிரீமியத்தை ஏற்ற முடியாது. குட் டிரைவர் டிஸ்கவுண்ட்டும் போகாது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவமனைக்குக் கிளெய்ம் நம்பர் கொடுக்கலாமா என்பதற்கு நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை கொடுக்காதீர்கள்.

டப்ளின்_வாசு (இரவு 11:05)

கமலி சொன்ன கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மருத்துவமனை ஏன் அவ்வளவு ஆசையாகக் கேட்கிறது தெரியுமா? ஹெல்த் இன்ஷூரன்ஸோடு அதற்கு ஒப்பந்த ரேட் இருக்கிறது. மெட்பேயோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. சார்ஜ்மாஸ்டர் விலையை (தள்ளுபடி இல்லாத முழு விலைப் பட்டியல்) அப்படியே போட்டு அனுப்பலாம். நெஞ்சு சி.டி., இ.ஆர். லெவல் 5 (இருப்பதிலேயே உயர்ந்த கட்டணப் படி), அப்சர்வேஷன் என்று போட்டால் 5,000 ஒரே மதியத்தில் காலி. அப்புறம் ஆம்புலன்ஸ்காரன் வருவான், இ.ஆர். டாக்டர் குழு வரும், ரேடியாலஜிஸ்ட் வருவார். முதல் பந்தியில் உட்கார்ந்தவனே பாயசப் பாத்திரத்தை வழித்துவிட்டுப் போன மாதிரி, பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

ஒரு இரவு இ.ஆரில் இருந்ததற்கு நான்கு வெவ்வேறு இடத்திலிருந்து பில் வரும் என்பது இங்கே புதிதாக வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. மருத்துவமனை கட்டடத்துக்கும் நர்ஸுக்கும் மிஷினுக்கும் ஒரு பில். உள்ளே பார்த்த டாக்டர் வேறு கம்பெனி. ஸ்கேனைப் படித்தவர் எங்கோ உட்கார்ந்திருப்பவர், அவருக்கு ஒரு பில். ஆம்புலன்ஸ் தனி.

என் யோசனை: விசிட்டர் இன்ஷூரன்ஸை முதலில் பயன்படுத்துங்கள். நெட்வொர்க் ரேட்டுக்கு பில் இறங்கட்டும். அது கட்டாமல் விட்டதற்கு மெட்பே.

ஆஸ்டின்_அரசு (புதன், காலை 7:12)

டெக்சஸ்காரர்கள் கவனத்துக்கு: இங்கே மெட்பேயோடு பி.ஐ.பி. (பெர்சனல் இன்ஜுரி புரொடெக்‌ஷன்) என்று ஒன்றும் உண்டு. கம்பெனி அதைக் கொடுத்தே ஆக வேண்டும், நீங்கள் எழுத்தில் வேண்டாம் என்றால்தான் பாலிசியிலிருந்து போகும். குறைந்தபட்சம் 2,500. மருத்துவச் செலவு போக, வேலைக்குப் போக முடியாத நாளின் சம்பளத்தில் 80 சதவீதமும் அதில் வரும். பிறகு எதிராளியிடம் பணம் வாங்கினாலும் பி.ஐ.பி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆன்லைனில் பாலிசி வாங்கும்போது அவசரத்தில் கண்டதற்கும் டிக் போட்டு பி.ஐ.பி.யை மறுத்தவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கோடிங்_கமலி (காலை 11:20)

வாசு சொன்ன வரிசை பாதி சரி. பாதிக்கு விசிட்டர் பாலிசியைப் படித்தாக வேண்டும்.

குமரன், அந்த பி.டி.எஃப்.பில் "அதர் இன்ஷூரன்ஸ்" அல்லது "எக்ஸஸ்" என்ற தலைப்பைத் தேடுங்கள். பல விசிட்டர் பாலிசிகள் "வேறு எந்தக் காப்பீடு இருந்தாலும் அதற்கு அப்புறம்தான் நாங்கள்" என்று எழுதியிருக்கும். சில ஆட்டோ மெடிக்கல் பேமென்ட்ஸ் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் மெட்பேதான் முதலில். மறைத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளெய்ம் ஃபாரத்திலேயே "வாகன விபத்தா, ஆம் என்றால் ஆட்டோ இன்ஷூரன்ஸ் விவரம்" என்று கட்டம் இருக்கும். பொய் எழுதினால் முழுக் கிளெய்மும் போகும்.

அந்த வரி இல்லையென்றால் வாசு வழிதான். விசிட்டர் பிளான் பி.பி.ஓ. நெட்வொர்க் (ஒப்பந்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்ட மருத்துவமனைகள், டாக்டர்கள்) வழியாகப் போனால் பில் பெரிய அளவில் இறங்கும். அந்த ஈ.ஓ.பி. (கம்பெனி எவ்வளவு கட்டியது, உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டும் தாள்) கையில் வந்ததும் டிடக்டிபிள் 250, அதற்கு மேல் உங்கள் பங்கு என்று எழுதியிருக்கும் தொகை, இரண்டையும் மெட்பேக்கு அனுப்பலாம்.

ஆம்புலன்ஸ் விஷயம் தனி. எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் தரைவழி ஆம்புலன்ஸைத் தொடவில்லை. கலிஃபோர்னியா 2024-இல் அந்த ஓட்டையை அடைத்தது, ஆனால் காப்பீடு உள்ளவர்களைப் பொறுத்தவரை மாநிலம் கட்டுப்படுத்தும் ஹெல்த் பிளான்களுக்கு மட்டும். விசிட்டர் பிளான் அந்தக் கணக்கில் வராது. அதனால் மெட்பேயில் முதல் பங்கை ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கி வையுங்கள். ஊருக்குப் போகும் முன் ஃபாலோ-அப் எக்ஸ்ரே, ஃபிசியோ ஏதாவது இருந்தால் அதற்கும்.

அனுப்ப வேண்டியது: ஸ்டேட்மென்ட் போதாது, ஐட்டமைஸ்டு பில் (ஒவ்வொரு செலவும் தனித்தனி வரியாக உள்ளது) கேளுங்கள். மருத்துவமனைக்கு யு.பி.-04 ஃபாரம், டாக்டர்களுக்கு சி.எம்.எஸ்.-1500. நோய்க் குறியீடும் சிகிச்சைக் குறியீடும் அதில்தான் இருக்கும். "மொத்த பாக்கி" என்று மட்டும் போட்ட தாளை அட்ஜஸ்டர் (கிளெய்மைப் பார்க்கும் கம்பெனி ஆள்) திருப்பி அனுப்பிவிடுவார். கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி. பணம் யாருக்குப் போக வேண்டும் என்றும் எழுதுங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் இன்ன பில்லுக்கு இவ்வளவு என்று. சொல்லாவிட்டால் முதலில் வந்த பில்லுக்கு முதலில் கட்டிவிடுவார்கள்.

நெல்லைக்காரன் (காலை 11:47)

இவ்வளவு வேலையா? இதற்கு ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே.

டப்ளின்_வாசு (மதியம் 12:15)

பிடிக்கலாம் அண்ணாச்சி. ஆனால் வக்கீல் செட்டில்மென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு எடுப்பார். மெட்பேயிலும் பங்கு எடுப்பாரா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். ஃபாரம் நிரப்பி பில் அனுப்பும் வேலைதான் அது, பலர் காசு வாங்காமலே செய்கிறார்கள். 5,000-இல் 1,600 போனால் எதற்கு அந்தக் கவரேஜ்?

விபத்து நடந்த மறுநாளே "ஃப்ரீ கன்சல்டேஷன்" என்று சைரோபிராக்டர் (முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்பவர்) ஆபீஸிலிருந்து போன் வரும். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது. வாரத்துக்கு மூன்று தடவை வரச் சொல்லி மெட்பே தீரும் வரை முதுகைத் தட்டுவார்கள். மெட்பே தீர்ந்த வாரம் உங்களுக்குக் குணமாகிவிடும். எல்லாரும் அப்படி இல்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் போன் செய்து கூப்பிடுகிறவர் யார் என்று யோசியுங்கள்.

ஃப்ரீமான்ட்_குமரன் (இரவு 8:50)

கமலி அக்கா, மிக்க நன்றி. பாலிசியைப் பார்த்தேன். "அதர் இன்ஷூரன்ஸ்" பிரிவில் அரசாங்கத் திட்டம், குரூப் ஹெல்த் என்று போட்டிருக்கிறது. ஆட்டோ என்ற பேச்சே இல்லை. எதற்கும் மின்னஞ்சலில் கேட்டு பதிலை எழுத்தில் வாங்கிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். என் ஆட்டோ பாலிசியில் "ரீஇம்பர்ஸ்மென்ட்" என்று ஒரு பத்தி. எதிராளியிடம் பணம் வாங்கினால் மெட்பேயைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிற மாதிரி இருக்கிறது. அப்படியானால் இது கடன்தானா? இரண்டாவது, அவன் கம்பெனியிலிருந்து ஒரு அம்மணி போன் செய்து "அம்மாவுக்கு 1,500 உடனே தருகிறோம், ஸ்டேட்மென்ட் மட்டும் ரெக்கார்டு செய்துகொள்கிறோம்" என்கிறார்.

டப்ளின்_வாசு (இரவு 9:22)

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம், வேண்டாம். எதிராளி கம்பெனிக்கு ரெக்கார்டட் ஸ்டேட்மென்ட் கொடுக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் சொந்தக் கம்பெனி கேட்டால் ஒத்துழைக்க வேண்டும், அது பாலிசி நிபந்தனை. 1,500-க்கு அம்மா கையெழுத்துப் போட்டால் அதோடு கதை முடிந்தது, பிறகு பில் எவ்வளவு வந்தாலும் உங்கள் தலையில். ரிட்டர்ன் டிக்கெட் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தால் இன்னும் அவசரப்படுத்துவார்கள். காயத்துக்கான வழக்குக்கு கலிஃபோர்னியாவில் விபத்து நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. அம்மா ஊரில் இருந்துகொண்டே செட்டில்மென்ட்டை முடிக்கலாம்.

முதலாவது: கடன் மாதிரிதான், ஆனால் முழுக்க இல்லை. எதிராளியிடமிருந்து எதுவும் வரவில்லையென்றால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வந்தால் கேட்பார்கள். வக்கீல் வைத்து வாங்கிய பணமாக இருந்தால் அவர் கட்டணத்தில் ஒரு பங்கை இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஏற்க வேண்டும், அந்த அளவுக்குக் குறையும். உங்கள் நஷ்டம் முழுசாக ஈடாகவில்லையென்றால் "மேட் ஹோல்" (முதலில் உங்கள் நஷ்டம் முழுசாக ஈடாக வேண்டும்) என்ற கொள்கையைச் சொல்லி இன்னும் பேரம் பேசலாம். இங்கே கட்டாய லையபிலிட்டி 2025 ஜனவரியில்தான் ஒரு ஆளுக்கு 15,000-இலிருந்து 30,000 ஆனது. அவனிடம் குறைந்தபட்ச பாலிசிதான் என்றால் இந்தப் பேரம் நிஜமாகவே முக்கியம்.

டென்வர்_சுந்தரம் (இரவு 9:40)

கொலராடோவில் மெட்பேயைத் திருப்பிக் கேட்கும் வழக்கமே கிடையாது. 2003 வரை இங்கே நோ-ஃபால்ட் முறை (தப்பு யார் பேரில் என்றாலும் அவரவர் கம்பெனியே கட்டும்). அதை எடுத்த பிறகு நிறையப் பேர் ஆம்புலன்ஸ் பில்லோடு திண்டாடினார்கள். 2009-இலிருந்து 5,000 டாலர் மெட்பே தானாகவே பாலிசியில் சேரும், வேண்டாம் என்றால் நீங்கள் சொல்ல வேண்டும். முதல் 30 நாளுக்கு அந்தப் பணத்தை ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சைக்காரர்களுக்கு ஒதுக்கியே வைக்கிறார்கள். ஆகவே வாசு சொல்லும் "எதை முதலில் கொடுப்பது" வித்தை இங்கே அவ்வளவாகச் செல்லாது.

ஸ்காபரோ_ரவி (இரவு 10:18)

நாங்கள் இருப்பது ஒன்டாரியோவில். இங்கே மெட்பே என்று ஒன்று இல்லை, எல்லா வாகனப் பாலிசியிலும் ஆக்சிடென்ட் பெனிஃபிட்ஸ் இருக்கும். விபத்து நடந்து 7 நாளுக்குள் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும், பிறகு ஓ.சி.எஃப்.-1 விண்ணப்பப் படிவம். கழுத்துச் சுளுக்கு மாதிரியான சின்னக் காயத்துக்கு 3,500 டாலர்தான் உச்சம். அதற்கு மேலே போனால் 65,000. 2026 ஜூலைக்கு முந்தைய விதிப்படி, வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் அதைத்தான் முதலில் பாவிக்க வேண்டும். இங்கே அந்த வரிசை சட்டத்திலேயே இருப்பதால் உங்களைப் போல மண்டையை உடைக்கத் தேவையில்லை. அம்மா கெதியாகச் சுகமாகட்டும்.

மட்டுறுத்துநர் (வியாழன், காலை 6:30)

மற்ற மாநிலங்களின் பி.ஐ.பி. விவரங்களுக்குத் தனி இழை இருக்கிறது. ஒன்றை மட்டும் இங்கேயே விடுகிறேன்: ஃப்ளோரிடாவில் விபத்து நடந்த 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்கவில்லையென்றால் பி.ஐ.பி. மருத்துவப் பணம் கிடையாது. மீதியை அங்கே எழுதுங்கள்.

வைகை_மீனா (காலை 8:05)

ஊரில் சிகிச்சை தொடர்ந்தால் மெட்பே கிடைக்குமா என்று யாரும் சொல்லவில்லையே. என் மாமனாருக்குத் தோள்பட்டை அடி. ஃபிசியோவை மதுரையில்தான் தொடர்ந்தார். எங்கள் பாலிசியில் விபத்து அமெரிக்காவிலோ கனடாவிலோ நடந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. சிகிச்சை எங்கே என்று இல்லை. அட்ஜஸ்டர் கேட்டது: லெட்டர்ஹெட்டில் ஆங்கில பில், தேதிவாரியாக, டாக்டர் கையெழுத்தோடு, "இந்தக் காயம் இன்ன தேதி விபத்தில் ஏற்பட்டது" என்று ஒரு வரி. மதுரையில் துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். என் நாத்தனார் நேரில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளுக்கும் தனி வரியாக மறுபடி டைப் அடிக்கச் சொல்லி வாங்கினார். பிறகு பணம் வந்தது. எல்லாக் கம்பெனியும் தரும் என்று நினைத்துவிடாதீர்கள், கிளம்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

காலக்கெடுவையும் பாருங்கள். சில பாலிசிகள் விபத்திலிருந்து 1 வருடத்துக்குள் ஆன செலவு என்கின்றன, சில 3 வருடம் தருகின்றன.

கோடிங்_கமலி (மதியம் 1:10)

மீனா சொன்னது அருமை. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க், டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் அம்மா கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்கான அனுமதிப் படிவத்தில் அம்மாதான் கையெழுத்திட வேண்டும். அவர் போன பிறகு அந்த ஒரு கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இது மருத்துவமனைக்காரர்களுக்குப் பிடிக்காது. விசிட்டர் பிளானின் ஒப்பந்த ரேட்டை முழுப் பணமாக ஏற்றுக்கொண்ட பிறகு, பாக்கி என்று சொல்லி உங்கள் செட்டில்மென்ட் மேல் லியன் (அந்தப் பணத்தில் தங்களுக்கும் உரிமை என்ற கோரிக்கை) போட இங்கே முடியாது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005-இலேயே தீர்த்துவைத்த விஷயம். லியன் கடிதம் வந்தால் பயந்து செக் எழுதாதீர்கள், ஈ.ஓ.பி.யை இணைத்து பதில் போடுங்கள்.

ஃப்ரீமான்ட்_குமரன் (வெள்ளி, இரவு 9:15)

அப்டேட். ஆட்டோ ஆப்பில் மெட்பே கிளெய்ம் திறந்துவிட்டேன். கார் ரிப்பேருக்கு ஒரு அட்ஜஸ்டர், மெட்பேக்கு வேறு அட்ஜஸ்டர், இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது. மருத்துவமனையிடம் விசிட்டர் கார்டை மட்டும் கொடுத்து, "ஆட்டோ பில்லிங் வேண்டாம், ஈ.ஓ.பி. வந்தபின் நோயாளி பங்கை நாங்கள் கட்டுகிறோம்" என்று போர்ட்டலில் மெசேஜ் போட்டேன். விசிட்டர் கம்பெனியிடமும் வாகன விபத்து, மெட்பே உண்டு என்று சொல்லியாயிற்று. அவர்கள் தாங்களே பிரைமரி (முதலில் கட்டுபவர்) என்று பதில் அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பில் இன்று வந்தது, அதை நேரே மெட்பேக்கு அனுப்பியாயிற்று. அப்பாவையும் நாளைக்கு டாக்டரிடம் காட்டுகிறோம். அவருக்கு ஒன்றும் இல்லை என்கிறார், ஆனால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிறார்.

நெல்லைக்காரன் (இரவு 9:31)

எனக்கு இன்னும் அவன்தான் கட்டணும் என்றுதான் படுகிறது. சரி, அப்பாவைக் கட்டாயம் காட்டுங்கள்.

சான்ரமோன்_ஜெயா (சனி, காலை 10:02)

இதே இழையில் கேட்கலாமா? மாமியார் எங்களோடு மூன்று மாதம் இருக்கப்போகிறார், தினமும் தனியாக நடைப்பயிற்சி போவார். நடந்து போகும்போது கார் இடித்தால் எங்கள் மெட்பே அவருக்கு உதவுமா? கணவர் வார இறுதியில் சாப்பாடு டெலிவரியும் செய்கிறார்.

கோடிங்_கமலி (காலை 11:48)

நடக்கும்போது கார் இடித்தால் பாலிசி எடுத்தவருக்கும் அவர் வீட்டிலேயே வசிக்கும் உறவினருக்கும் மெட்பே உண்டு. விசிட்டராக வந்தவரை "வீட்டில் வசிப்பவர்" என்று கம்பெனி ஒத்துக்கொள்வது சந்தேகம்தான். காருக்குள் இருந்தாலோ, ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டாலோ பிரச்சினை இல்லை, அப்போது அவர் பயணி. நடைக்கு விசிட்டர் பிளானைத்தான் நம்ப வேண்டும், அதனால் ஃபிக்ஸட் பெனிஃபிட் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துத் தரும்) வகையை வாங்காமல் காம்ப்ரிஹென்சிவ் வாங்குங்கள்.

டெலிவரி வேறு கதை. ஆப்பை ஆன் செய்து ஓட்டும்போது நடந்த விபத்துக்கு சாதாரணப் பாலிசி பெரும்பாலும் கையை விரிக்கும், மெட்பே உட்பட. ஏஜென்டைக் கூப்பிட்டு டெலிவரிக்கான எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் கூடுதல் கவரேஜ்) இருக்கிறதா என்று கேளுங்கள், திங்கட்கிழமையே.